டீச்சரிடம் கேளுங்கள்: போன வருடம் வந்த யானை

கேள்வி: டீச்சர், போன வருடம் மாசியில் ஒரு தனியன் யானை எங்கள் குசினிச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. இந்த வருடமும் வேளாண்மை வெட்டி நாலாம் நாள் வந்து அதே சுவரை இடித்துவிட்டது. பக்கத்து வீடுகளைத் தொடவே இல்லை. போன முறை நாங்கள் கல்லெறிந்ததை மனதில் வைத்துப் பழிவாங்குகிறது என்கிறார் அம்மா. உண்மையா? (நல்லகாலம், இரண்டு முறையும் குசினியில் ஒருவரும் படுத்திருக்கவில்லை.)
வாசகி, வெல்லாவெளிப் பக்கம்

பதில்: அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த அந்த வரியை வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, மகள். அம்மாவுக்குச் சொல்லுங்கள், அது கோபத்தில் வரவில்லை. உங்கள் குசினியில் நெல் இருந்தது என்பது அதற்கு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

யானைக்குக் கண் பெரிய உதவி இல்லை. மூக்குத்தான் எல்லாம். மணத்தை உணரும் மரபணுக்கள் ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000 இருப்பதாக 2014இல் எண்ணிச் சொன்னார்கள். நாயிடம் இருப்பதைவிட அது இரண்டு மடங்கு. புது நெல்லின் மணம் ஒரு கல் சுவருக்குள் அடங்குமா? பக்கத்து வீட்டார் நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்களா என்று விசாரித்துப் பாருங்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்று, ஒருமுறை இடிந்து பூசிய சுவர் இரண்டாம் முறை சுலபமாக விழும்.

உன்னிச்சைப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. காவலுக்குப் போகும்போது சிலவேளை என்னையும் கூட்டிப்போவார். வட்டையின் மேற்கு மூலையில் வாய்க்கால் ஓரமாக ஒரு மருதமரம். அதன் அடியில் பட்டை சாதாரணமாகத்தான் இருக்கும். என் தலைக்கு மேலே போகப் போக, சேறு காய்ந்து படிந்து, தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருக்கும். யானைகள் குளித்துவிட்டு வந்து உடம்பு உரசும் இடம் அது. நான் எட்டிக் கைவைத்துப் பார்த்திருக்கிறேன், மெழுகிய திண்ணை மாதிரி இருந்தது. பரண் கட்டினோம், தகரம் அடித்தோம், வெடி போட்டோம். வருடா வருடம் அவை அந்த மரத்தடியால்தான் இறங்கின. "நாம வர முதலே இது அதுகள்ர பாதை" என்பார் அப்பா. அவர் பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்பு வரைக்கும்தான்.

விலங்கியல் படித்த பிறகுதான் அவர் சொன்னதன் ஆழம் எனக்குப் புரிந்தது. பெண் யானைகளும் குட்டிகளும் கூட்டமாக வாழும். எந்தக் குளம் எப்போது வற்றும், வற்றிய குளத்தில் எப்போது புல் முளைக்கும் என்பது மூத்த பெண் யானைக்குத் தெரியும். நம் லகுகலைக் குளத்துக்குக் கோடையில் யானைகள் திரண்டு வருவது அந்தப் புல்லுக்காகத்தான். தன்சானியாவின் தரங்கிரி பூங்காவில் 1993இல் கடும் வரட்சி. வயதான பெண் யானைகள் வழிநடத்திய கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறின. அவற்றில் குட்டிகள் குறைவாகத்தான் செத்தன. அங்கே முன்னொரு பெரிய வரட்சி வந்தது 1958இலிருந்து 1961வரை. அதைக் குட்டிக் காலத்தில் கண்ட யானைகளுக்கே தப்பும் வழி நினைவிருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் ஆண் யானை. வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய்விடும், ஆனால் தாயோடு நடந்த வழிகளை மறக்காது.

பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடச் சொல்லிக் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். இலங்கையில் அதைச் செய்து பார்த்தார்கள். 12 ஆண் யானைகளைப் பிடித்து, கழுத்துப்பட்டியில் கருவி பூட்டி, தூரத்துச் சரணாலயங்களில் விட்டார்கள். சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தன. சில, ஊர் ஊராக அலைந்தன. சில, புது இடத்தில் தங்கின. ஆனால் மனிதர்களோடு மோதல் குறையவில்லை, கூடியது. 2012இல் வந்த அந்த ஆய்வை வாசித்த அன்று எனக்கு நித்திரையே இல்லை.

ஆகவே மகள், நெல்லை அந்தக் குசினியில் வைக்காதீர்கள். உறவினர், அயலவரோடு பேசி, ஊர் நடுவில் பலமான கட்டிடம் ஒன்றில் எல்லாருடைய மூட்டைகளையும் சேர்த்து வையுங்கள். இரண்டு மூன்று முறை வந்து வெறுங்கையோடு போனால் அதன் கணக்கு மாறும். உடனே மாறாது, பொறுமை வேண்டும். உப்பையும் அந்தச் சுவரோரம் வைக்காதீர்கள், அதையும் அது தேடும். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வாய் கிழிந்த யானை நாட்கணக்கில் பட்டினி கிடந்துதான் சாகும்.

கேள்வி: நல்லபாம்பை அடித்தால் அதன் சோடி தேடிவந்து பழிவாங்குமா?
ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வாங்காது. உங்கள் விறகுக் குவியலில் எலி இருக்கும்வரை ஏதாவது ஒரு பாம்பு வரும். விறகைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் கடற்கரைக்கு ராத்திரியில் ஆமை வருகிறது. அது இங்கேதான் பிறந்தது என்கிறார் அப்பா. எப்படி வழி தெரியும்?
எட்டாம் வகுப்பு மாணவன், பொத்துவில்

பதில்: அப்பா சொன்னது பெரும்பாலும் சரி, தம்பி. பூமியின் காந்தப்புலம் கரைக்குக் கரை சற்று வேறுபடும். குஞ்சு முட்டையை உடைத்து வந்து கடலில் இறங்கும்போதே அந்த வேறுபாட்டைப் பதித்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்புறம் பல வருடம் கடலில் வளர்ந்து, பெண் ஆமை அதே கரைப்பக்கமாகவே முட்டையிடத் திரும்பும். சரியாக அந்த இடமேதான் என்றில்லை, கொஞ்சம் தள்ளியும் ஏறும். கரையேறும்போது வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். அதனால் டோர்ச்சை அணைத்துவிட்டுத் தூரத்தில் இருந்து பார். பின் துடுப்புகளை மாற்றி மாற்றிக் கிண்ணம் மாதிரி வளைத்து மண் அள்ளும், குழி ஆழமானதும் ஏறத்தாழ நூறு முட்டை இடும். நிலவு இருந்தால் எல்லாம் தெரியும்.