பெரைரா என்ற பெயருக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடி, குடும்பப் பெயர் பெரைரா. இது போர்ச்சுகல் யூதர்களின் பெயர், மூன்று லட்சம் கட்டினால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

போர்ச்சுகீசிய மொழியில் பெரைரா என்றால் பேரிக்காய் மரம். மரம் நின்ற ஊருக்கு அந்தப் பெயர் வந்தது, ஊரிலிருந்து குடும்பங்களுக்கு வந்தது. 1385இல் போர்ச்சுகலில் நடந்த அல்ஜுபரோட்டா போரில் படை நடத்திய நூனோ ஆல்வரஸ் பெரைரா கிறிஸ்தவப் பிரபு. 2009இல் புனிதர் பட்டமும் பெற்றார். 1497இல் மன்னர் மனுவேல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியபோது, ஊரில் புழங்கிய இதே பெயர்களைத்தான் அவர்களும் சூட்டிக்கொண்டார்கள். பிரான்சில் வங்கி நடத்திய பெரேர் சகோதரர்கள் அந்த வழி வந்தவர்கள். ஆக, மரத்தின் பெயர் வைத்திருந்தாலே யூதர் என்று பலர் சொல்வது வெறும் கட்டுக்கதை.

உங்கள் ஊருக்கு இந்தப் பெயர் வந்த வழியே வேறு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுகீசியப் பெயர்கள் சூட்டப்பட்டன. பெர்னாண்டோ, மச்சாடோ எல்லாம் அப்படி வந்தவைதான். பெயர் வந்தது, இரத்த உறவு வரவில்லை.

செபராது யூதர்களின், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகலைப் பூர்வீகமாகக் கொண்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்கு 2015 முதல் போர்ச்சுகல் குடியுரிமை கொடுத்தது உண்மை. அப்போதும் வம்சாவளிச் சான்று கேட்டார்கள். 2022இல் விதிகளை இறுக்கினார்கள், 2024இல் அங்கே மூன்றாண்டு வசித்திருக்க வேண்டும் என்றார்கள். இப்படி மாற்றிக்கொண்டே போனால் சாதாரண மனிதர் எதைத்தான் பிடித்துக்கொள்வது? தரகர்கள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் தாத்தாவோ பாட்டியோ கோவா, டாமன், டையூவில் பிறந்தவரா? 1961 டிசம்பர் வரை அவை போர்ச்சுகல் வசம் இருந்தன. அதற்கு முன் அங்கே பிறந்து, பிறப்பு அங்கேயே பதிவானவர்களுக்கும், பிள்ளைகளுக்கும், அவர்கள் வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கும் தனி வழி இருக்கிறது. அதில் குடும்பப் பெயரையும் மதத்தையும் பார்ப்பதில்லை. காமத் என்ற இந்துவுக்கும் அதே உரிமைதான். ஆனால் பிறப்புப் பதிவு கட்டாயம். தாத்தா கோவாவில் வேலை பார்த்தார், அங்கே கல்யாணம் செய்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. பதிவு கிடைத்தால், அதிலுள்ள பெயரும் தேதியும் மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நாளே இந்தியக் குடியுரிமை போய்விடும். அந்த ஏஜென்ட் இதை உங்களிடம் சொன்னாரா?