மாரியோ குதிக்கப் பிந்துவது உங்கள் விரலால் அல்ல

வெள்ளவத்தைக்காரருக்கு வணக்கம். பழைய கேம் பெட்டியைப் புது எல்ஈடி ரீவியில் மாட்டியதிலிருந்து, சூப்பர் மாரியோவின் முதல் பள்ளத்திலேயே விழுகிறேன், வயசு போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வயசில் பழி இல்லை. ரீவியில்தான்.

1985இல் அந்த கேம் வந்தபோது வீட்டில் இருந்தது பின்பக்கம் பெருத்த பழைய குழாய் ரீவி. சிக்னல் வந்த கையோடு படமும் வந்துவிடும். எல்ஈடி ரீவியோ மஞ்சள் வயரில் வரும் படத்தைப் பெருப்பித்து, மெருகூட்டி, அதன் பிறகுதான் காட்டும். அந்த கேம் செக்கனுக்கு 60 படம் ஓடுவது. ரீவி 100 மில்லிசெக்கன் பிந்தினால் ஆறு படம் போய்விடும். அதற்குள் மாரியோ பள்ளத்தில்.

போனில் ஸ்லோ மோஷன் வைத்து விரலையும் திரையையும் சேர்த்து எடுத்துப் பாருங்கள். பட்டனை அமத்தி எவ்வளவு நேரத்தில் குதிக்கிறார் என்று கண்ணாலேயே தெரியும்.

முதலில் ரீவி மெனுவில், மெருகூட்டலைக் குறைத்துப் பிந்தலைக் குறைக்கும் 'கேம் மோட்' போடுங்கள். நான் செய்த மடத்தனம், மஞ்சள் வயர்ப் படத்தைப் புது ரீவியின் எச்டிஎம்ஐ துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மலிவுப் பெட்டி ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்கியது. பிந்தல் இன்னும் கூடியது. கடைசியில் திருத்தக் கடை ஒன்றில் தூசி பிடித்துக் கிடந்த 14 அங்குலக் குழாய் ரீவியைத் தூக்கி வந்தேன். பாரம்தான், ஆனால் அன்றிரவே பள்ளம் தாண்டினேன். வாங்கினால் பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள், நிறுத்திய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும்.

அப்புறம், கேம் கசற்றை வாயால் ஊதாதீர்கள். கடற்காற்றுக்கே பின்கள் கறுக்கும், எச்சில் வேறு வேண்டாம். பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.