‘பரவாயில்லை’ என்பவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

தென்கொரியாவில் தேஜோன் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆய்வாளராக இருக்கிறேன். இதே நாட்டின் கிம்ஹே நகரில் நீங்கள் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்திருப்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். இங்கே என்னைக் குழப்புவது ‘பரவாயில்லை’ என்று பொருள்படும் ‘குவென்ச்சனாயோ’ என்ற சொல். தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த அதிரசத்தை உடன் பணிபுரியும் பெண்மணியிடம் நீட்டினேன். சிரித்தபடி ‘குவென்ச்சனாயோ’ என்றார். சரி என்கிறார் என்று நினைத்துத் தட்டில் வைத்தேன். சாப்பிட்டார். ஆனால் அன்றுமுதல் கொஞ்சம் விலகியே இருக்கிறார். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. எங்கள் கூடத்தில் இளைய மாணவி ஒருவர் இருக்கிறார். என் மாதிரிகளை அவர்தான் இரவு வெகுநேரம் இருந்து அளக்கிறார். கிளம்பும்போது ‘குவென்ச்சனாயோ?’ என்று கேட்பேன். ‘குவென்ச்சனாயோ’ என்பார். நானும் வீட்டுக்குப் போய்விடுவேன். இவர் சொல்லும்போது அதே சொல்லுக்குச் ‘சரி’ என்று பொருள். ஒரே சொல் மறுப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தால் பிரித்தறிவது எப்படி? மனதில் உள்ளதைச் சொல்லாதது பாசாங்கு இல்லையா? பேராசிரியர் விருந்தில் மதுவை எப்படி மறுப்பது? தமிழுக்கும் கொரிய மொழிக்கும் பொதுவான சொற்களின் பட்டியல் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தேஜோனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டேன். கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே ஓர் இலக்கணம் எழுதிப் பார்த்தார். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ‘அம்மா’, ‘அப்பா’ என்று உலகத்தில் பாதிக் குழந்தைகள் உதட்டைச் சேர்த்துத் திறக்கின்றன. அதைவைத்துச் சொந்தம் கொண்டாடப் புறப்படுவது நம்மவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

நீங்கள் கேட்ட விதி எளிது. பதிலைப் பார்க்காதீர்கள், கேள்வியைப் பாருங்கள். ‘காப்பி தரட்டுமா?’ என்ற கேள்விக்குக் ‘குவென்ச்சனாயோ’ என்றால் வேண்டாம். ‘காப்பி குடிக்கலாமா, பரவாயில்லையா?’ என்ற கேள்விக்கு அதையே சொன்னால் குடிக்கலாம். கடையில் பை வேண்டுமா, ரசீது வேண்டுமா என்று கேட்டு இந்தப் பதில் வந்தால் இரண்டும் வேண்டாம். நீங்கள் மறுக்கும்போது முன்னால் ‘இல்லை’ என்று பொருள்படும் ஓர் ‘அனியோ’ சேர்த்து, உள்ளங்கையை மார்புக்கு நேரே லேசாக ஆட்டுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது. ‘த்வெஸ்ஸோயோ’ என்று மட்டும் பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், ‘போதும், விடு’ என்று முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடும். விருந்தில் சோஜு என்ற மதுவை ஊற்ற வந்தால் ‘ஹன்யாக்’ சாப்பிடுகிறேன், அதாவது நாட்டு மருந்தில் இருக்கிறேன் என்று சொல்வது கொரியர்களே கையாளும் பழைய சாக்கு. சைடா என்ற இனிப்புச் சோடாவை ஊற்றிக்கொண்டு எல்லோரோடும் கோப்பையைத் தட்டுங்கள். இரண்டு கையாலும் பிடித்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பாசாங்கு பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. காலியான வயிற்றோடு வந்து ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்று திண்ணையில் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதிரசத்தையும் விடுங்கள். பிடிக்காத இனிப்பு ஒன்றைத் தின்ன நேர்ந்ததற்காக யாரும் ஓராண்டு பகை பாராட்டுவதில்லை. அவர் விலகியிருப்பதற்கு வேறு காரணம் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

அந்த மாணவியின் விஷயம் அப்படி அல்ல. அதை எழுதிய வேகத்தில் நீங்கள் கடந்து போய்விட்டீர்கள், என்னால் முடியவில்லை. உங்கள் மாதிரிகள், உங்கள் ஆய்வு, கட்டுரையில் உங்கள் பெயர். இரவில் விழித்திருப்பது மட்டும் அவர். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்கிறீர்கள். அவர் ‘இல்லை, முடியவில்லை, நீங்கள் இருந்து செய்யுங்கள் சொன்பேநிம் (மூத்தவரே)’ என்று சொல்லியிருக்க வேண்டுமா? அந்த நாட்டில் மூத்தவரைப் பார்த்து ஓர் இளைய மாணவி அப்படிச் சொல்வாரா? நீங்கள் உங்கள் பேராசிரியரிடம் சொல்வீர்களா? மதுவை மறுக்கவே வழி கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

கிம்ஹேயில் நான் இருந்தது பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை. இலங்கையிலிருந்து வேலை அனுமதித் திட்டத்தில் போனவன் நான். மொழித்தேர்வு எழுதித் தேறித்தான் போனோம். தேர்வுக்காகப் படித்ததில் பெரும்பாலானது இரண்டாம் மாதத்தில் மறந்துவிட்டது. ‘குவென்ச்சனாயோ’ மறக்கவில்லை, ஏனென்றால் அது தினமும் தேவைப்பட்டது. ‘குவென்ச்சனா?’ என்று மரியாதை விகுதியை எடுத்துவிட்டுப் பன்ஜாங், அதாவது எங்கள் மேற்பார்வையாளர், கேட்பார். விகுதியைச் சேர்த்து நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவர் கெட்டவர் அல்ல. கேட்கவேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டார். ஆனால் கேட்கும்போதே அவர் கால் அடுத்த இயந்திரத்தை நோக்கித் திரும்பியிருக்கும்.

என் பக்கத்து இயந்திரத்தில் ஒரு நேபாள இளைஞன். வார்ப்பிலிருந்து விழும் பொருளை எடுத்து, ஓரத்துப் பிசிறை வெட்டி, பெட்டியில் போடவேண்டும். பகல் முறையிலும் இரவு முறையிலும் அதே அசைவு. அவன் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கையுறைக்குள் துணி சுற்றிக்கொண்டான். பன்ஜாங் கேட்டார், அவன் குவென்ச்சனாயோ என்றான். நான் கேட்டேன், எனக்கும் அதே பதில்.

அவன் அப்படிச் சொன்னதற்கு அடக்கமோ நாகரிகமோ காரணம் அல்ல. அந்த விசாவில் போனவர்கள் நினைத்தபடி வேலையை மாற்ற முடியாது. முதல் 3 ஆண்டுகளில் பொதுவாக 3 முறைதான் இடம் மாறலாம், அதற்கும் முதலாளியின் சம்மதமோ சட்டம் ஏற்கும் காரணமோ வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் முதலாளி கையில். வலிக்கிறது என்று சொன்னால் எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியாது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் தொழில் விபத்துக் காப்பீடு உண்டு, ‘சான்ஜே’ என்பார்கள். அதைக் கேட்டு வாங்க அவனுக்கு மொழி போதாது. ஒரு சொல்தான் சரளமாக வந்தது.

அதை உடைத்தவர் சாப்பாட்டுக்கூடத்து இமோ. இமோ என்றால் தாயின் சகோதரி. சமையல் செய்யும் பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்போம். கிம்ச்சியை இன்னும் ஒரு கரண்டி போட வருவார், நாங்கள் வேண்டாம் என்று குவென்ச்சனாயோ சொல்வோம், அவர் பேசாமல் தட்டை நகர்த்திப் போய்விடுவார். ஒருமுறைகூட வற்புறுத்தியதில்லை. அந்த மனுஷி இவன் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவதைச் சில நாட்கள் பார்த்திருக்கிறார். ஒருநாள் எதிரே வந்து உட்கார்ந்து, ‘எந்த இடத்தில் வலிக்கிறது?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் குவென்ச்சனாயோ என்று பதில் சொல்ல வழியே இல்லை. அவன் மணிக்கட்டைக் காட்டினான். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் போனவர் போட்ட சத்தத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. அன்று மாலையே அவனை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். மணிக்கட்டில் கட்டுப் போட்டு, வேறு பிரிவில் உட்காரவைத்தார்கள்.

உணவை மறுத்தவரை அவர் உடனே நம்பினார். வலியை மறுத்தவனை நம்பவில்லை. நீங்கள் அதிரசத்தைத் தட்டில் வைத்துவிட்டு, மாணவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நீங்கள் நல்ல பிள்ளை, இல்லாவிட்டால் அந்த இரண்டு வரியை எழுதியே இருக்கமாட்டீர்கள். உங்களை எங்கோ உறுத்தியிருக்கிறது. ஆனால் அந்த உறுத்தலை ஓர் இலக்கணச் சந்தேகமாக மாற்றி எனக்கு அனுப்பிவிட்டீர்கள்.

நாளை அவரிடம் ‘குவென்ச்சனாயோ?’ என்று கேட்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய், கடைசிப் பஸ் கிடைத்ததா, உன் சொந்த ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். பிறகு ‘ஓனுரன் நேகா ஹல்கெயோ’, இன்று நான் செய்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் பதறிக்கொண்டு நீங்கள் எதிர்பார்க்கிற அதே சொல்லைத்தான் சொல்வார். நீங்கள் கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். மாதிரிகளுக்கு எண் இடும் முறையை மட்டும் அவர் கிளம்புவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கவேண்டி வரும்.

அன்புடன்,
அண்ணன்