எட்டடி மேசையில் பந்து இடப்பக்கம் விலகுவது பற்றி

வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழையதாக வாங்கிய எட்டடி பூல் மேசையில், மெதுவாக உருட்டிய பந்து நடுக்குழியருகே இடப்பக்கம் விலகுகிறது என்றும், குஷனில் (மேசையின் ஓர ரப்பர் விளிம்பில்) பட்டால் வேகமிழந்து திரும்புகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். புதுத் துணி போட்டால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. துணியை இப்போது வாங்காதீர்கள்.

விலகல் எப்போதும் ஒரே இடத்தில் நிகழ்வதால், துணிக்கடியில் உள்ள மூன்று துண்டு ஸ்லேட் கல்லின் இணைப்பு ஒன்று இறங்கியிருக்கும் என்றே எண்ணுகிறேன். பழைய துணியைக் கழற்றி, இணைப்பின் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் மேடுபள்ளம் உண்டு. முதலில் சட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு தாழ்ந்த கல்லின் அடியில் மெல்லிய தகட்டைச் செருகி (இதே டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் மேசைக்குப் பழைய சீட்டுக்கட்டின் இரண்டு சீட்டுகளே போதுமாயிருந்தன), திருகுகளை இறுக்கி மீண்டும் அளந்து, இடைவெளியில் உருக்கிய தேன்மெழுகை ஊற்றி, ஆறியதும் கல்லோடு சமமாகச் சுரண்டிவிடுங்கள்.

குஷன் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். கட்டைபோல் இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சென்று, அதே குறுக்குவெட்டு வடிவத்தில் வாங்குங்கள். 57 மி.மீ. பந்துக்குக் குஷனின் மூக்கு (பந்து படும் முனை) ஏறத்தாழ 36 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தால் பந்து துள்ளும்.

துணி கடைசி வேலை. நம் கடற்கரை ஈரக்காற்றில் கம்பளித் துணி தளர்ந்து பந்தை மந்தமாக்குவதால், வறண்ட ஜூன், ஜூலை மாதங்களில் இழுத்துப் பூட்டுவதையே நான் விரும்புவேன்.