இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்

காரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் மைலேஜ் 100-இல் கிடைக்கவில்லை, மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். உருளும் டயரின் உராய்வு வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-இலிருந்து 100-க்குப் போனால் ஏறத்தாழ 2.8 மடங்கு. போதாக்குறைக்குக் கூரையில் கேரியர் வேறு! சாமான் ஏற்றாவிட்டாலும் அந்தக் கம்பிகள் காற்றோடு மல்லுக்கட்டுகின்றன. கண்ணாடியை ஏற்றியபிறகும் மேலிருந்து ஊளைச் சத்தம் கேட்கிறதா? முதலில் கேரியரைக் கழற்றுங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டியை எடுக்குமுன் பாருங்கள். இருக்க வேண்டிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஓட்டிவந்து நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால், அங்கே பிரேக் உரசுகிறது என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது அதைத்தான்.