மதுரைப் பக்கம் உள்ள சிறிய நாணய, அஞ்சல்தலை அருங்காட்சியகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் மதுரையில் இரண்டு நாள் தங்கப் போவதாகவும், கோயிலும் மகாலும் பார்த்தபின் அரை நாள் மிச்சம் இருக்கும் என்றும், பழைய காசு, தபால்தலை, பழைய இதழ்கள் ஆகியவற்றை ஒரே வீட்டில் வைத்திருக்கும் சிறிய காட்சியகத்துக்காக மெனக்கெடலாமா என்றும் கேட்டிருக்கிறார். தாராளமாக மெனக்கெடலாம். ஆனால் பெரிய அருங்காட்சியகத்தைப் பார்ப்பதுபோல் வரிசையாக நடந்து பார்த்துவிட்டு வந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ஏமாற்றமாகவும் இருக்கும். நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்தவன். பணத்தை எண்ணிய அளவுக்குப் பார்த்தவன் அல்லன் என்பதை அப்படியொரு வீட்டில்தான் உணர்ந்தேன்.

ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி வாடிப்பட்டி போகும் வழியில் இறங்கி, சிறிது தூரம் உள்ளே நடந்தால் அந்த வீடு. வைத்திருப்பவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெயரையும் முகவரியையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மாடியில் இரண்டு அறைகள், கண்ணாடி போட்ட மேசைகள் ஏழு, இரும்பு பீரோக்கள் மூன்று. நுழைவுக் கட்டணம் கிடையாது.

நான் வெறுங்கையோடு போகவில்லை. பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த மூன்று காசுகளை எடுத்துப் போயிருந்தேன். ஒன்றில் அனுமார் மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார். மறுபக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் அரையணா மதிப்பும் ஆங்கிலத்தில் இருந்தன. இது பல லட்சம் பெறும் என்று என் மைத்துனர் பத்து ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். பெரியவர் அதை ஓரத்தில் பிடித்து ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கும்பிடலாம் ஐயா, விற்க முடியாது" என்றார்.

காரணத்தையும் சொன்னார். நம் பக்கத்துக்கு அரையணா என்ற செப்புக்காசு வந்தது 1835-இல் கம்பெனியார் இந்தியா முழுமைக்கும் ஒரே நாணய முறையைக் கொண்டுவந்த பிறகுதான். அதற்கு முன் சென்னை மாகாணத்தில் கணக்கு முற்றிலும் வேறு: எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். வெள்ளி ரூபாய் இங்கே அடிப்படை நாணயமாக ஆனதே 1818-இல்தான். எனவே அந்த ஆண்டைப் போட்டு, அனுமாரையும் போட்டு, அரையணா என்றும் எழுதிய காசு, பிற்காலத்தில் யாரோ விற்பனைக்காக வார்த்த வெறும் வில்லை. இராமர் பட்டாபிஷேகம், பிள்ளையார், தாமரை என்று இதே வகையில் பல உண்டு. காந்தம்போல் அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்களின் கையில் இருப்பதும் பெரும்பாலும் இத்தகைய வில்லைகளே. கேள்வி கேட்டவர் வீட்டிலும் ஒன்று இருக்கக்கூடும். எடுத்துப் போய்க் காட்டிவிட்டு, பிறகு நிம்மதியாகப் பூசை அறையில் வைத்துவிடலாம்.

இரண்டாவது காசு உண்மையானது. 1808 என்ற ஆண்டும் கம்பெனியின் சின்னமும் ஒரு பக்கம், பாரசீக எழுத்தும் பத்துக் காசு என்ற மதிப்பும் மறுபக்கம். சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில், சோஹோ நாணயச்சாலையில், நீராவி எந்திரத்தால் அடிக்கப்பட்டது. இதே வகைக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளைக் கட்டிகட்டியாக எடுத்தார்கள். என் பாட்டியிடம் இருந்தது வேறொரு கப்பலில் ஒழுங்காக வந்து சேர்ந்த ஒன்று. இதைக் கேட்டு நான் பூரித்துப்போய் நின்றபோதுதான் பெரியவர், "இதைப் புளி போட்டுத் தேய்த்தது யார்?" என்று கேட்டார்.

தேய்த்தது நான்தான். ஏழாம் வகுப்பு விடுமுறையில், பித்தளைக் குத்துவிளக்குகளோடு சேர்த்து, பாட்டி கண்ணில் படும்படி பளபளவென்று துலக்கிக் கொடுத்தேன். செம்பின் மேல் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்த பழுப்பு நிறப் படலம் அழுக்கு அன்று; அது அந்தக் காசின் தோல், உள்ளிருக்கும் உலோகத்தை மேலும் அரிக்காமல் காப்பதும் அதுவே. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டது. எழுத்தின் விளிம்புகள் மழுங்கி, பாரசீக வரிகளில் ஒன்று பாதிதான் தெரிகிறது. அவர் கோபப்படவில்லை. கிண்ணத்தில் வெந்நீர் வைத்து ஊற வைத்திருந்தாலே போதும் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

மூன்றாவது, ஓட்டைக் காலணா. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அந்த வீட்டின் அருமை எனக்குப் புரிந்தது இந்தக் காசினால்தான். இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1943 முதல் 1947 வரை நடுவில் ஓட்டை போட்டு இக்காசை அடித்தார்கள். அதற்கு முந்தைய காலணாவின் எடையில் பாதிகூட இராது. மேலே கிரீடம், ஆங்கிலத்திலும் உருதுவிலும் நாகரியிலும் ஒரு பைசா என்ற எழுத்து, தமிழ் இல்லை. ஆனாலும் நம் ஊரில் யாரும் அதைப் பைசா என்று சொல்லவில்லை; நாலு சேர்ந்தால் ஓரணா என்பதால் காலணா. 'ஓட்டைக் காலணாவுக்குப் பெறாதவன்' என்று என் தாத்தா சொன்னதெல்லாம் இந்தக் காசைப் பார்த்து வந்த வசவுதான்.

பெரியவர் பீரோவைத் திறந்து 1955-ஆம் ஆண்டு அஞ்சலட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு சிற்றிதழ் அலுவலகத்திலிருந்து கிராமத்து வாசகசாலை ஒன்றுக்கு வந்த சந்தா நினைவூட்டல் அது. 'தங்கள் சந்தா சென்ற மாதத்துடன் முடிவடைந்தது. ரூபாய் மூன்று அனுப்பி ஆதரிக்கக் கோருகிறோம்' என்று நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது. அட்டையில் அச்சடித்த அஞ்சல்தலையின் மதிப்பு ஒன்பது பை. நம்மவர் பையைத் தம்பிடி என்பார்கள். பன்னிரண்டு தம்பிடி ஓரணா, ஆகவே ஒன்பது தம்பிடி முக்காலணா. என் ஓட்டைக் காலணாவோடு தம்முடைய தட்டிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து அட்டையின் ஓரத்தில் வரிசையாக வைத்து, "மூணு காலணா, ஒரு கார்டு, ஒரு பத்திரிகை" என்றார். பிறகு அதே மாதத்து இதழையும் எடுத்து வைத்தார். இதழின் மேலட்டை மூலையில் 'விலை நாலணா' என்று இருந்தது. மூன்று ரூபாய் கேட்பதற்கு முக்காலணா செலவழித்து, அதுவும் வருமோ வராதோ என்று காத்திருந்த ஓர் ஆசிரியரின் கணக்கு முழுவதும் ஒரு முழ நீள மேசையில் விரிந்து கிடந்தது.

காசைத் தனியாகவும், தலையைத் தனியாகவும், இதழைத் தனியாகவும் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. பெரிய அருங்காட்சியகங்களில் இவை வெவ்வேறு கூடங்களில் இருக்கும். நூல்கள் நூலகத்துக்குப் போய்விடும். 1879-இல் அஞ்சலட்டை இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை காலணா என்று படிப்பது வேறு, காலணாவை அதன்மேல் வைத்துப் பார்ப்பது வேறு.

மதுரைக்கே உரிய காசுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் மீன் தெரியும். பெருவழுதி என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த காசும் இவ்வகையைச் சேர்ந்தது. அது இந்த வீட்டில் இல்லை, படம் மட்டும் மாட்டியிருக்கிறது. வைகைப் படுகையில் கிடைக்கும், சட்டைப் பொத்தான் அளவே உள்ள ரோமானியச் செப்புக் காசுகள் ஐந்தாறு உண்டு. அவை கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தேய்ந்துபோன அரசன் தலைகள். பிற்காலப் பாண்டியரின் இரட்டை மீன் காசு, 1378 வரை நீடித்த மதுரைச் சுல்தான்களின் அரபு எழுத்துக் காசு, நாயக்கர் செப்புக்காசு என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வைத்திருக்கிறார். இவற்றை விரிவாகப் பார்க்க விரும்பினால் தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும், 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம்.

ஆனால் ஒரு மேசையை விட்டுவிடக் கூடாது. அதில் டச்சுக்காரர்களின் செப்புக்காசு ஒன்று இருக்கிறது: நடுவில் பெரிய 'வி', அதன் இரு கைகளில் 'ஓ'வும் 'சி'யும் கோத்திருக்க, கீழே 1753. இது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள். இக்காசுக்கு அவர்கள் மொழியில் 'டொய்ட்' என்று பெயர். நம் 'துட்டு' அதிலிருந்து வந்தது என்பார்கள். அதன் பக்கத்திலேயே, 1972-இல் வ.உ.சிதம்பரனாரின் நூற்றாண்டுக்கு வெளியான அஞ்சல்தலையைப் பெரியவர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவராவது, "வ.உ.சி. பேரில் காசு அடிச்சிருக்காங்க சார்" என்று கத்துவார்களாம். அதே தூத்துக்குடியில் 1906-இல் வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் கம்பெனி தொடங்கியவருக்கும், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அங்கே வியாபாரம் செய்த கம்பெனிக்கும் ஆங்கிலத்தில் ஒரே மூன்று எழுத்துகள். பாடம் நடத்த அதைவிட என்ன வேண்டும்?

அஞ்சல்தலைகளில் 1948-இல் வந்த காந்தி தலைகளில் மூன்று, 1960-இல் வந்த வள்ளுவர், பாரதி தலைகள், மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு 2005-இல் வந்த தலை என்று நிறைய உண்டு. தலைகளைத் தனியாகப் பிய்த்து ஆல்பத்தில் ஒட்டுவதை அவர் விரும்புவதில்லை. உறையோடும் ஊர் முத்திரையோடும் வைத்தால்தான் எங்கிருந்து எங்கே, எந்த நாளில் போனது என்பது தெரியும். வெள்ளை அட்டையில் ஒட்டிய தலைகளைவிட, திருமங்கலம், உசிலம்பட்டி என்று வட்ட முத்திரை விழுந்த பழைய உறைகளின் முன் நான் அதிக நேரம் நின்றேன்.

இலக்கியப் பகுதி சிறியது, அரிய முதற்பதிப்புகளை எதிர்பார்த்துப் போக வேண்டாம். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அடுத்த ஆண்டு தொடங்கிய 'செந்தமிழ்' இதழின் கட்டடம் செய்த தொகுதிகள் இரண்டும், வத்தலக்குண்டுக்காரரான சி.சு.செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழ்கள் சிலவும், மூன்று ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. தொகுதிகளில் ஒன்றை இராமபாணப் பூச்சி துளைத்து, முதல் பக்கத்தில் தொடங்கிய ஓட்டை நேர்கோட்டில் எழுபதாம் பக்கம் வரை போகிறது. சுவடிப் பெட்டியைத் திறந்ததும் வசம்பு வாசனை அடித்தது.

போகிறவர்களுக்கு இரண்டொன்று சொல்ல வேண்டும். இத்தகைய வீடுகளுக்கு முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அவர்களும் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். சிறிய லென்ஸ் ஒன்று கொண்டு போகலாம். காசு என்ன விலை போகும் என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம். நிலத்தில் தோண்டும்போது காசுக் குவியல் கிடைத்த கதை உங்களிடம் இருந்தால் அங்கே போய்ச் சொல்ல வேண்டாம், ஆட்சியரிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதற்கும் தகவல் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை.

கிளம்பும்போது, வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்கையில் எடைக்குப் போட்டுவிடாமல் கொண்டுவரச் சொன்னார். தேடினேன். தாத்தா காலத்துக் கடிதக் கம்பி அப்படியே கிடைத்தது. அடியில் மரவட்டம், மேலே கொக்கி, நடுவில் நாற்பது ஆண்டுக் கடிதங்கள், ஒவ்வொன்றிலும் கம்பி குத்திய ஓட்டை. கம்பியிலிருந்து உருவலாமா, கிழிந்துவிடுமா என்று தொலைபேசியில் கேட்டேன். "உருவாதீங்க, கம்பியோடயே கொண்டு வாங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.