வால் ஸ்ட்ரீட் முற்றுகைப் போராட்டம் தோல்விதானே? ஒரு சட்டம்கூட வரவில்லையே?

சட்டம் வரவில்லை என்பது உண்மை. பெரும் வங்கிகளின் ஆதிக்கத்தையும் பணக்காரர்-ஏழை இடைவெளியையும் எதிர்த்து, 2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் நிதிச் சந்தைப் பகுதியான வால் ஸ்ட்ரீட் அருகே ஸுக்கோட்டி பூங்காவில் கூடித் தங்கியவர்களை நவம்பர் 15 அதிகாலையில் போலீஸ் அப்புறப்படுத்தியது. ஆனால் அதை மட்டும் வைத்துத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

அங்கே அனுமதியில்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அதனால் ஒருவர் ஒரு வரி சொல்வார், சுற்றியிருப்பவர்கள் அதையே உரக்கச் சொல்வார்கள், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும். சாமானியனின் பேச்சுக்கு நூறு தொண்டைகள்!

குறைகளும் உண்டு. இரவு பகலாக மேளம் அடித்ததில் அக்கம்பக்கத்தார் தூக்கமில்லாமல் தவித்தார்கள். அவர்கள் புகார் நியாயமானது. 'உங்கள் கோரிக்கைதான் என்ன?' என்ற கேள்விக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

ஆனாலும் 'நாங்கள் 99 சதவீதம்', அதாவது செல்வத்தைக் குவித்து வைத்திருக்கும் ஒரு சதவீதத்தினர் போக மீதிப் பேர் நாங்கள், என்ற முழக்கம் தேர்தல் மேடைவரை போனது. அடுத்த ஆண்டே, 2012 நவம்பரில், அதே நகரத்தில் துரித உணவுக் கடை ஊழியர்கள் மணிக்கு 15 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். 15 டாலரை நோக்கி உயர்த்தும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 2016-ல் நிறைவேற்றியது. அந்த வெற்றி தொழிலாளர்களுடையது. அவர்கள் பேச்சுக்கு ஊர் காதுகொடுத்ததில் பூங்காவில் படுத்துக் கிடந்தவர்களுக்கும் பங்கு உண்டு.